நல்ல கை வந்தால் அவசரப்படாதீர்கள்: பிரிட்ஜில் பார்ட்னருக்குப் பதில் சொல்லும்போது

சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலு பேர் சனிக்கிழமை மாலை பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுவோம், இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ந்து. என் பார்ட்னர் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அவர் ஏலத்தை ஒரு இஸ்பேட் சொல்லி ஆரம்பித்தார், அதாவது இஸ்பேட் துருப்பாக ஏழு பிடி எடுப்போம் என்று (சொல்லும் எண்ணோடு ஆறு கூட்டினால் எடுக்க வேண்டிய பிடி). என் கையில் இஸ்பேட் ராஜா, ராணியோடு நாலு, ஆட்டின் ஏஸும் ஒரு எட்டும், டைமனில் இரண்டு சின்னச் சீட்டு, கிளாவரில் ஏஸ், ராஜா, ஜாக்கியோடு ஐந்து. மொத்தம் 17 புள்ளி (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1). சந்தோஷத்தில் நேரே நாலு இஸ்பேட் என்று சொல்லிவிட்டேன், அவர் பாஸ். பன்னிரண்டு பிடி வந்தது. வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) என்பதால் 680 எழுதினோம், ஆறு இஸ்பேட் சொல்லியிருந்தால் 1430.

“தம்பி, நாலுக்குத் தாவினால் துருப்பு நிறைய, புள்ளி குறைவு என்றுதானே நான் எடுத்துக்கொள்வேன்?” என்றார். அவரிடமும் 17 புள்ளி இருந்தது.

பலமான கையோடு செய்யும் முதல் தவறு இந்தத் தாவல்தான். மூன்று இஸ்பேட் சொல்வதும் சரியில்லை, இன்று பெரும்பாலானோருக்கு அது 10 முதல் 12 புள்ளிக்கான அழைப்பு, பார்ட்னர் பாஸ் சொல்லிவிடலாம். இரண்டு கிளாவர் போலப் புது வகை ஒன்றைச் சொல்லுங்கள், நீங்கள் முன்பே பாஸ் சொல்லாதவரை அவர் அதில் நிறுத்த மாட்டார். இல்லை, ஜேக்கபி என்ற ஏல முறையில் ஆடுகிறவர்கள் என்றால் இரண்டு நோ டிரம்ப் (துருப்பு இல்லை என்று பொருள்படும் ஏலம்): நாலு துருப்பு, கேமுக்கு, அதாவது போனஸ் தரும் நாலு இஸ்பேட்டுக்கு, போதுமான பலம் என்று இங்கே அதற்கு அர்த்தம்.

இரண்டாவது தவறு, பொருத்தம் தெரிந்த உடனே நாலு நோ டிரம்ப் சொல்லி ஏஸ் கேட்பது. அதே கையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏஸ் என்று பதில் வருகிறது, அது இஸ்பேட் ஏஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டைமன் ராஜா, ராணி பார்ட்னரிடம் இருந்தால் ஒரு பிடிதான் போகும், ஆறு இஸ்பேட் வந்துவிடும். அவை இல்லாமல் எதிராளியிடம் டைமன் ஏஸும் ராஜாவும் இருந்தால், எதிராளி டைமனை இறக்கியதும் முதல் இரண்டு பிடியிலேயே ஆட்டம் போச்சு. இரண்டுக்கும் பதில் ஒன்றேதான்! இரண்டு சின்னச் சீட்டு மட்டும் உள்ள வகை கையில் இருக்கும்போது ஏஸ் எண்ணிக்கை நமக்கு உதவாது. அதனால் இஸ்பேட் உறுதியான பிறகு நான் நாலு கிளாவர் சொல்ல வேண்டும், அங்கே எனக்குப் பிடிப்பு (முதல் இரண்டு பிடியும் போகாமல் காக்கும் சீட்டு) உண்டு என்று. அவர் நாலு டைமன் சொன்னால் தைரியமாக மேலே போகலாம். டைமனைத் தாண்டி நாலு ஆட்டின் சொன்னால் டைமனில் ஓட்டை, நாலு இஸ்பேட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஒன்று. பார்ட்னர் 15 முதல் 17 புள்ளியோடு ஒரு நோ டிரம்ப் சொல்லி, நீங்கள் நேரே நாலு நோ டிரம்ப் சொன்னால் அது ஏஸ் கேட்பது இல்லை. ஆறு நோ டிரம்புக்கு இரண்டு கையும் சேர்ந்து 33 புள்ளி வேண்டும். உங்களிடம் 16 இருந்தால் அவரிடம் 17 இருக்கிறதா என்றுதான் கேட்கிறீர்கள். 15 வைத்திருப்பவர் பாஸ் சொல்வார், கோபப்படக் கூடாது. அங்கே ஏஸ் கேட்க நாலு கிளாவர் என்பது எங்கள் மேசை வழக்கம், சீட்டுப் போடுவதற்கு முன்பே பார்ட்னரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.