‘எங்கள் தேன் உறையாது’: மறுப்பு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே சேலைக்கு இரண்டு தடவை பில் போட்டதாக ஒரு அம்மா பேஸ்புக்கில் எழுதிவிட்டார். நாகர்கோவில் ஜவுளிக்கடை அது. போன வாரம் கடைக்காக மறுப்பு எழுதிய இரண்டு தம்பிகள் என்னிடம் காட்ட வந்தார்கள். முதல் வரி, ‘இச்செய்தி முற்றிலும் பொய்யானது.’

“விசாரிச்சீங்களாடே?”

“முதல்ல போட்டுருவோம் அண்ணே, பொறவு விசாரிப்போம்.”

எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பியது. மறுப்பில் எழுத்துப்பிழை விடுவது, நள்ளிரவில் பதிவு போடுவது போன்ற தவறுகளை நான் சொல்ல வேண்டியதில்லை.

தெரிவதற்கு முன் மறுப்பது

பத்து வருடத்துக்கு முன் மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் வியாபாரி ஒருவருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் ஒருவரின் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளையாகக் குருணை. ஸ்பூனால் சுரண்டி, ‘பாருங்க, சீனி’ என்கிறார்.

“ஒரு பொட்டு சீனி கெடயாது. காட்டமா எழுதுடே, ஒருத்தனும் வாயத் தெறக்கப்படாது” என்றார் அண்ணாச்சி. எழுதினேன்: ‘எங்கள் தேன் ஒருபோதும் உறையாது. உறைந்திருந்தால் அது போலி.’

நம் குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்தில் எடுப்பது. ரப்பர் துளிர்க்கும் காலத்தில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீ உறிஞ்சி வரும். அந்தத் தேன் சீக்கிரம் உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். அண்ணாச்சிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. கோபத்தில் அவர் சொல்லவில்லை, அவசரத்தில் நான் கேட்கவில்லை.

மறுநாள் முதல் படங்கள் வந்தன. எல்லாம் அண்ணாச்சி கடையிலேயே வாங்கிய பாட்டில்கள், பில்லோடு, பேட்ச் எண்ணோடு. நல்ல தேனை எங்கள் வாயாலேயே போலி ஆக்கியிருந்தோம். உறைவது இயல்பு என்று பிறகு விளக்கினால், ‘நேத்து உறையாதுன்னீங்களே’ என்றார்கள். லேப் அறிக்கை சுத்தமாக வந்தபோது அதைப் படிக்க ஆளில்லை. அந்த சீசன் சரக்கில் பாதி திரும்பி வந்தது.

நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: ‘வீடியோவைப் பார்த்தோம். அந்த பேட்சைத் தனியாக எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறோம். பாட்டிலைக் கொண்டுவந்தால் பணம் தருகிறோம். மாலை 5 மணிக்கு அடுத்த தகவல்.’ சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 5 மணிக்கு அதையே சொல்ல வேண்டும்.

சொன்னது சரியாகவே இருந்தாலும் அடி விழும். 2015-ல் மேகி பாதுகாப்பானது என்றே நெஸ்லே சொல்லிவந்தது. ஜூனில் தடை வந்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மேகி கடைக்குத் திரும்பியபோது நவம்பர் ஆகிவிட்டது.

நேரம் போடாத எண்ணிக்கை

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்களில் யார் யார் திரும்பவில்லை என்று தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளில் பெயர் பெயராக எழுதி வைத்திருந்தார்கள். அரசு சொன்ன எண்ணிக்கை வேறாக இருந்தது, நாளுக்கு நாள் மாறவும் செய்தது. டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எண்ணிக்கை மாறத்தான் செய்யும். எத்தனை மணி நிலவரம், யார் தந்த பட்டியல் என்று கூடவே சொல்லாவிட்டால், மாறுகிற ஒவ்வொரு எண்ணும் பொய்யாகத்தான் காதில் விழும்.

புகார் சொன்னவருக்கு வக்கீல் நோட்டீஸ்

அதையும் போட்டோ எடுத்துப் போடுவார்.

கமெண்டை அழிப்பது

ஸ்கிரீன்ஷாட் எப்போதோ கிளம்பியிருக்கும்.

‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’

அரசியல்வாதிகளுக்குப் பிடித்த வரி. யார் மனம் புண்பட்டது என்று ஊருக்கே தெரியும்போது அதில் ‘இருந்தால்’ எதற்கு?

ஜவுளிக்கடைத் தம்பிகளைத் திருப்பி அனுப்பி, முதலில் கம்ப்யூட்டரில் அந்த பில்லைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் போன்.

“அண்ணே, அந்த அம்மா சொன்னது சரிதான். ரெண்டு தடவ பில் போட்டிருக்கு.”