லொறி எப்போது காத்திருக்க வேண்டும்? கார்டட் சஸ்பென்ஷன், படிப்படியாக

ஒரே ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத் தொடர்) ஓடும் புரோகிராமில், காலியான இடத்திலிருந்து ஒரு பொருளை எடுக்கச் சொன்னால் எரர் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த நிலையை மாற்ற வேறு யாரும் வரப்போவதில்லை. பல த்ரெட்கள் சேர்ந்து ஓடும்போது அப்படியில்லை. இந்த நொடியில் முடியாத வேலை, இன்னொரு த்ரெட் வந்து நிலையை மாற்றியதும் முடியும். அதுவரை அந்த த்ரெட்டை ஒழுங்காகக் காத்திருக்க வைக்கும் முறைக்குப் பெயர் கார்டட் சஸ்பென்ஷன்.

பயிற்சிக்கு ஒரு மீன் வாடியை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைக் கரை, கொட்டியார் குடாவிலிருந்து போட்டுகள் வருகின்றன, சூரையும் பாரையும் பெட்டிகளாக இறங்குகின்றன. வாடியின் ஐஸ் அறையில் 5 பெட்டிகளுக்குத்தான் இடம். மறுபக்கம் ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகும் லொறிகள் பெட்டிகளை ஏற்றுகின்றன. ஒவ்வொரு போட்டும் ஒரு த்ரெட், ஒவ்வொரு லொறியும் ஒரு த்ரெட். அறை நிரம்பியிருந்தால் போட் காத்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் லொறி காத்திருக்க வேண்டும்.

கீழே உள்ள வரிகளை ஜாவா, பைத்தன் எதிலும் அப்படியே மாற்றி எழுதலாம். பைத்தன் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடியும் என்பதால் ‘பெட்டி’, ‘கொள்ளளவு’ என்ற பெயர்களை மாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.

படி 1: நிலையைச் சொல்லுங்கள்

கோட் எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்.

எடுக்க நிபந்தனை: பெட்டி > 0
போட நிபந்தனை: பெட்டி < கொள்ளளவு

இவைதான் காவல் நிபந்தனைகள். தொடங்குகிறவர்கள் பலர் இதைத் தாண்டி நேரே பூட்டு (ஒரு நேரத்தில் ஒரே ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக்) போடப் போய்விடுகிறார்கள். நிபந்தனை வாயால் சொல்லத் தெளிவாக இல்லையென்றால் கோடிலும் தெளிவாக வராது.

படி 2: ஒரு பூட்டு, ஒரு காத்திருப்பு இடம்

‘பெட்டி’ என்ற எண்ணைத் தொடும் எல்லா வரிகளும் ஒரே பூட்டுக்குள் இருக்க வேண்டும். பார்ப்பதும் அதே பூட்டுக்குள், மாற்றுவதும் அதே பூட்டுக்குள். வெளியே நின்று ‘பெட்டி இருக்கிறது’ என்று பார்த்துவிட்டு உள்ளே வந்து எடுத்தால், இடையில் வேறு லொறி புகுந்துவிடும்.

நிபந்தனை பொருந்தாத த்ரெட்கள் யாராவது எழுப்பும்வரை தூங்குவது காத்திருப்பு இடத்தில். பைத்தனில் இந்த இரண்டுக்கும் த்ரெடிங் மாட்யூலில் உள்ள கண்டிஷன் கிளாஸ் போதும். ஜாவாவில் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் பூட்டும் காத்திருப்பு இடமும் பிறப்பிலேயே உண்டு. வெயிட், நோட்டிஃபை, நோட்டிஃபை ஆல் என்ற மூன்று மெத்தட்கள் அதற்காகவே இருக்கின்றன.

படி 3: காத்திருந்து எடுங்கள்

பெட்டி_எடு:
  பூட்டுக்குள்:
    பெட்டி = 0 ஆக இருக்கும்வரை:
      காத்திரு
    பெட்டி = பெட்டி − 1
    எல்லோரையும் எழுப்பு

பெட்டி_போடு:
  பூட்டுக்குள்:
    பெட்டி = கொள்ளளவு ஆக இருக்கும்வரை:
      காத்திரு
    பெட்டி = பெட்டி + 1
    எல்லோரையும் எழுப்பு

‘காத்திரு’ என்ற வரி இரண்டு வேலைகளைப் பிரிக்க முடியாதபடி ஒன்றாகச் செய்கிறது: பூட்டை விடுகிறது, தூங்கப் போகிறது. இதற்குப் பதிலாக ஸ்லீப் போட்டால் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குவீர்கள். போட் உள்ளே வரவே முடியாது, பெட்டி வரவே வராது. நேரம் கடந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையில் ஸ்லீப் போட்ட கோட் எங்கே கண்ணில் பட்டாலும் சந்தேகப்படுங்கள்.

படி 4: ‘இருந்தால்’ இல்லை, ‘இருக்கும்வரை’

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் அது இந்தப் படியாக இருக்கட்டும். மேலே லூப் போட்டிருக்கிறோம். அதை வெறும் இஃப் ஆக மாற்றினால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு அசைவாகப் பார்ப்போம்.

அறை காலி. முதல் லொறி வருகிறது, பெட்டி 0 என்று பார்க்கிறது, காத்திருக்கிறது. ஒரு போட் வந்து ஒரு பெட்டியைப் போட்டு, லொறியை எழுப்பிவிட்டுப் பூட்டை விடுகிறது. முதல் லொறி விழித்துவிட்டது, ஆனால் பூட்டு இன்னும் அதன் கைக்கு வரவில்லை. அந்தக் கண நேரத்தில் இரண்டாவது லொறி புதிதாக வருகிறது. பூட்டு அதற்குக் கிடைக்கிறது, பெட்டி 1 என்று பார்க்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இப்போது முதல் லொறிக்குப் பூட்டு கிடைக்கிறது. இஃப் என்றால் அது மறுபடி பார்க்காது. நேரே அடுத்த வரிக்குப் போய் ஒன்றைக் கழிக்கும். பெட்டி −1. எண்ணுக்குப் பதிலாக லிஸ்ட் வைத்திருந்தால் காலி லிஸ்டிலிருந்து எடுக்கப் போய் எரர் வரும்.

இதில் யாரும் விதியை மீறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மூன்று த்ரெட்களும் பூட்டைச் சரியாகவே பயன்படுத்தின. விழித்த நேரத்துக்கும் பூட்டு கிடைத்த நேரத்துக்கும் இடையில் நிலை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கணினி விஞ்ஞானி டோனி ஹோர் 1974இல் மானிட்டர் (பூட்டும் காத்திருப்பு இடமும் சேர்ந்த அமைப்பு) பற்றி எழுதிய கட்டுரையின் விதிப்படி, எழுப்பப்பட்ட த்ரெட்டுக்கே பூட்டு உடனே கைமாறும். இடையில் யாரும் புக முடியாது. அங்கே இஃப் போதும். பிறகு ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வகத்தில் உருவான மெசா மொழி வேறு வழியில் போனது. பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடெலும் 1980இல் அதை விளக்கினார்கள்: எழுப்புதல் ஒரு குறிப்பு மட்டுமே, விழித்தவர் தானே மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாவா, பைத்தன், போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலை) த்ரெட்கள் எல்லாம் மெசா வழியில் வந்தவை. போதாததற்கு ஜாவாவிலும் போசிக்ஸிலும் யாரும் எழுப்பாமலே ஒரு த்ரெட் விழித்துக்கொள்ளவும் கூடும். லூப் இருந்தால் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

படி 5: ஒருவரை எழுப்புவதா, எல்லோரையுமா?

ஒருவரை மட்டும் எழுப்பினால் வேகம் கூடும் என்று தோன்றும். போட்டும் லொறியும் ஒரே காத்திருப்பு இடத்தில் தூங்கும்போது அது ஆபத்து. கொள்ளளவை 1 என்று வைத்துப் பாருங்கள்.

இரண்டு லொறிகள் தூங்குகின்றன. ஒரு போட் பெட்டியைப் போட்டு முதல் லொறியை எழுப்புகிறது. அது பூட்டைப் பிடிப்பதற்குள் இரண்டாவது போட் வந்து, அறை நிரம்பியிருப்பதைப் பார்த்துத் தூங்கப் போகிறது. முதல் லொறி பெட்டியை எடுத்துவிட்டு ஒருவரை எழுப்புகிறது. எழுந்தது இரண்டாவது லொறி! அது பார்க்கிறது, பெட்டி இல்லை, மறுபடி தூங்குகிறது. அறை காலியாக இருக்கிறது, பெட்டியோடு ஒரு போட் தூங்குகிறது, அதை எழுப்ப ஆளில்லை. புதிதாக யாராவது வந்தாலொழிய எல்லாம் நின்றுபோகும்.

ஆகவே தொடக்கத்தில் எல்லோரையும் எழுப்புங்கள். வேகம் உண்மையிலேயே பிரச்சினையானால், ஒரே பூட்டின் மேல் இரண்டு கண்டிஷன்கள் வையுங்கள்: லொறிகளுக்கு ஒன்று, போட்டுகளுக்கு ஒன்று. அப்போது ஒருவரை எழுப்பினாலும் சரியான பக்கத்து ஆள்தான் எழுவார்.

படி 6: கடல் கொந்தளித்தால்?

மாரி காலத்தில் வாடைக்காற்று ஏறினால் போட்டுகள் கரையிலேயே கிடக்கும். பெட்டி வராது. நம் லொறி முடிவில்லாமல் காத்திருக்கும். அதனால் காத்திருப்புக்கு ஒரு கெடு வேண்டும்.

ஒரு நுணுக்கம். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ‘10 நொடி காத்திரு’ என்று எழுதாதீர்கள். இடையில் வீணாக எழுந்தால் மறுபடி 10 நொடி முதலிலிருந்து தொடங்கும். முதலில் முடிவு நேரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மீதி நேரத்தை மட்டும் கொடுங்கள். பைத்தனில் வெயிட் ஃபார் என்ற மெத்தட் நிபந்தனையையும் கெடுவையும் வாங்கிக்கொண்டு இதைத் தானே செய்துவிடும்.

வாடியை மூடுவதும் ஒரு நிலைதான். ‘மூடியாச்சு’ என்று ஒரு கொடி வைத்து, அதையும் நிபந்தனையில் சேர்த்து, மூடும்போது எல்லோரையும் எழுப்புங்கள். இல்லாவிட்டால் புரோகிராம் முடியாமல் தொங்கும்.

சில வேலைகளுக்குக் காத்திருப்பதே தவறு. ஐஸ் மெஷின் ஏற்கெனவே ஓடுகிறது என்றால், அதை ஸ்டார்ட் செய்ய வந்த இரண்டாவது த்ரெட் நின்று என்ன பயன்? பார்த்துவிட்டு உடனே திரும்பிப் போகட்டும். இந்த முறைக்கு பாக்கிங் (balking) என்று பெயர். காத்திருந்தால் வேலைக்குப் பலன் உண்டா என்று கேளுங்கள், எதைத் தேர்வது என்று தெரிந்துவிடும்.

படி 7: ஓட்டிப் பாருங்கள்

வேலை செய்யும் இடத்தில் இதையெல்லாம் கையால் எழுத வேண்டாம். ஜாவா 5இலிருந்தே, அதாவது 2004இலிருந்தே, பிளாக்கிங் கியூ இருக்கிறது. பைத்தனில் கியூ மாட்யூல் இருக்கிறது. பைத்தன் கியூவின் மூலக் கோடைத் திறந்து படியுங்கள். ஒரே பூட்டின் மேல் ‘காலியில்லை’, ‘நிரம்பவில்லை’ என்று தனித்தனிக் கண்டிஷன்கள், அவற்றுக்கு முன்னால் லூப். படி 5இல் பார்த்தது அப்படியே அங்கே கிடைக்கும்.

ஆனால் பழகும்போது கையாலேயே எழுதுங்கள். கொள்ளளவு 1, நான்கு போட், நான்கு லொறி, ஒவ்வொன்றுக்கும் 1000 பெட்டி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பெட்டி 0க்கும் கொள்ளளவுக்கும் இடையில் இருக்கிறதா என்று அஸர்ட் (நிபந்தனை பொய்யானால் உடனே எரர் கொடுக்கும் வரி) போடுங்கள். முடிவில் பெட்டி 0 ஆக இருக்க வேண்டும். அப்புறம் லூப்பை இஃப் ஆக்கி ஓட்டுங்கள். அடுத்து லூப்பைத் திரும்பப் போட்டு, எல்லோரையும் எழுப்பும் வரியை ஒருவரை எழுப்பும் வரியாக மாற்றி ஓட்டுங்கள். ஒரு முறை சரியாக ஓடிவிட்டால் விட்டுவிடாதீர்கள்; இந்தப் பிழைகள் எல்லா முறையும் தலைகாட்டாது. திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.