சாஃப்ட்பாலில் விண்ட்மில் வீச்சு

கையைக் காற்றாலை போல முழுவட்டமாகச் சுற்றி, பந்தைக் கீழிருந்து வீசுவதுதான் விண்ட்மில் வீச்சு. பந்தை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காதீர்கள். விரல் நுனிகள் தையலின் குறுக்கே படியட்டும், கட்டைவிரல் எதிர்ப்பக்கம். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும்.

வீசுபவர் நிற்கும் பிட்சிங் பலகையிலிருந்து, எதிரே பந்தைப் பிடிக்கும் கேட்சரை நோக்கி ஒரு நேர்க்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர் இடது காலை அந்தக் கோட்டின் மேலேயே நீளமாக எடுத்து வைக்க வேண்டும். பாதம் சுமார் 45 டிகிரி திரும்பி ஊன்றட்டும். கை காதை ஒட்டி மேலேறி, பின்னால் சுற்றி, இடுப்பை உரசியபடி கீழே வர வேண்டும். பந்தை விடும் இடம் தொடைப்பக்கம்தான். பின்கால் விரல்நுனியால் தரையை இழுத்துக்கொண்டே வரும்.

பந்து தலைக்கு மேல் போகிறதா? தாமதமாக விடுகிறீர்கள். முன்னாலேயே தரையில் குத்துகிறதா? சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். பக்கவாட்டில் விலகினால் கையைக் குறை சொல்லுமுன் காலடித் தடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கால்தான் கோட்டைத் தாண்டியிருக்கும்.

புதிதாகப் பழகுபவர் பெண்கள் ஆட்டத்தின் முழுத் தூரமான 43 அடியில் ஆரம்பிக்க வேண்டாம். பத்தடியில் மணிக்கட்டுச் சுண்டல் மட்டும் 20 முறை, பிறகு மெல்லப் பின்வாங்குங்கள். வேகம் தானாக வரும். பேட்டரை ஏமாற்ற மெதுவாக வீசும் சேஞ்ச்-அப் பந்துக்கும் கைச்சுழற்சி அதே வேகத்தில் இருக்கட்டும். கை தளர்ந்தால் பேட்டர் கண்டுபிடித்துவிடுவார்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உஎனோ இரண்டே நாளில் 413 பந்துகள் வீசினார். அதைப் பயிற்சி அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.