ஒரே வீட்டில் பைபரும் ஸ்டார்லிங்கும்: இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் 2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் கிடைக்கிறது. பைபர் எட்டாத தோட்டப் பகுதிகளில் அதுவே முதல் இணைப்பாக இருக்கலாம். ஏற்கெனவே பைபரோ 4ஜியோ ஓடும் வீட்டில், கோடு அறுந்தால் கைகொடுக்கும் இரண்டாவது இணைப்பு அது. குழப்பம் அதிகம் வருவது இந்த இரண்டாம் வகை வீடுகளில்தான். பிரின்டர் காணவில்லை, கேமரா வெளியிலிருந்து திறக்கவில்லை, ஒரு லேப்டாப் வேகமாகவும் இன்னொன்று ஆமை வேகத்திலும் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் டிஷ் சரியாகவே இருக்கும். உள்ளே இரண்டு ரவுட்டர்கள் ஆளுக்கொரு பக்கம் நாட்டாமை செய்துகொண்டிருக்கும்.

ஆனாலும் கூரையிலிருந்தே தொடங்குவோம். சுவரைத் துளைத்துப் பொருத்திய டிஷ்ஷை இடம் மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் சிரமமான வேலை.

டிவி டிஷ் பழக்கத்தில் இடம் பார்ப்பது

டிவி டிஷ் பார்ப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோளை. அந்த ஒரு திசை திறந்திருந்தால் போதும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. ஒன்று போக இன்னொன்றைப் பிடிக்க வேண்டும். மோட்டார் இல்லாத இன்றைய ஸ்டாண்டர்ட் டிஷ்ஷின் பார்வைக் கூம்பு 110 பாகை. டிஷ் நேராக மேலே பார்த்திருந்தால், அடிவானிலிருந்து 35 பாகைக்கு மேல் உள்ள வானம் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று பொருள். இதை மீட்டரில் சொல்லலாம்: டிஷ்ஷை விட 10 மீட்டர் உயர்ந்த தென்னை, சுமார் 14 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 15 மீட்டர் உயர்ந்தால் 21 மீட்டர். டிஷ் சாய்ந்திருக்கும் பக்கத்தில் இதைவிடவும் அதிகம் வேண்டும்.

"தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் அட்சரேகையில் போதாது. புவிநிலைச் செயற்கைக்கோள்களின் வளையம் இலங்கையில் உச்சி வானிலிருந்து ஏறத்தாழ 7 முதல் 12 பாகை தெற்கே, கிழக்கு மேற்காகப் போகிறது. அந்தச் செயற்கைக்கோள்களுக்கு இடையூறு வராதபடி, தாழ்வான சுற்றுப்பாதைச் சேவைகள் வளையத்தை ஒட்டிய பட்டையில் ஒலிபரப்பைத் தவிர்த்தாக வேண்டும். ஆகவே நடு வானத்தின் ஒரு பகுதி பார்வைக்குத் திறந்திருந்தாலும் பயனுக்கு வராது. பக்கங்கள் திறந்திருப்பதுதான் முக்கியம். நான்கு பக்கமும் மரம் சூழ்ந்த முற்றத்தின் நடுவில் டிஷ்ஷை வைப்பது இதனால்தான் ஏமாற்றுகிறது.

செயலியில் உள்ள தடை ஸ்கேனை முதலில் ஓட்டுங்கள். பிறகு துளை போடாமல், கூடவே வரும் காலில் டிஷ்ஷை நிறுத்தி ஒரு முழு நாள் விட்டு, செயலி வரையும் தடைப் படத்தைப் பாருங்கள். ஓலை ஆடுவதால் வரும் தடை ஓரிரு நொடிதான் நீடிக்கும். யூடியூப் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் அது தெரியாது. வீடியோ அழைப்பில் குரல் அறுந்து அறுந்து வரும். "படம் நன்றாக ஓடுது, சூம் மட்டும் சரியில்லை" என்றால் மரத்தைப் பாருங்கள்.

இரண்டு ரவுட்டர், ஒரே கேபிள்

அதிகம் நடக்கும் தவறு இது: ஸ்டார்லிங்க் ரவுட்டரின் லேன் (LAN, வீட்டுச் சாதனங்களை இணைக்கும்) துளையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, பைபர் ரவுட்டரின் லேன் துளையிலோ பொது நெட்வொர்க் ஸ்விட்சிலோ செருகிவிடுவது. விளக்கு எரியும், இணையமும் வரும். ஆனால் இப்போது முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர்கள் இரண்டு. எந்தச் சாதனம் கேட்டாலும், முந்திப் பதில் சொல்லும் ரவுட்டரின் பக்கம் அது போய்விடும். இரண்டு ரவுட்டர்களும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். ஸ்டார்லிங்கின் இயல்பு முகவரி அதுதான். பல பைபர் ரவுட்டர்களுக்கும் அதேதான். கண்டுபிடிப்பது எளிது: இரண்டு மூன்று கணினிகளில் நெட்வொர்க் விவரத்தைத் திறந்து டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரி), டிஎச்சிபி சர்வர் இரண்டையும் ஒப்பிடுங்கள். வெவ்வேறாக வந்தால் வீட்டில் இரண்டு தலைமை.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்துச் செய்வது, ஸ்டார்லிங்கின் லேன் துளையைத் தங்கள் ரவுட்டரின் வான் (WAN, இணையம் உள்ளே வரும்) துளையில் செருகுவது. இது பாதி சரி. வீட்டு முகவரிகளை வெளி முகவரியாக்கும் முகவரி மாற்றம் இருமுறை நடக்கும். சாதாரணப் பயன்பாட்டுக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆனால் வான் பக்கமும் லேன் பக்கமும் 192.168.1 வரிசையிலேயே இருந்தால், எந்தத் தரவுப் பொட்டலத்தை எங்கே அனுப்புவது என்று ரவுட்டருக்கே தெரியாது. உங்கள் ரவுட்டரின் லேனை 192.168.50.1 போன்ற வேறு வரிசைக்கு மாற்றிவிட்டு இணையுங்கள். ஸ்டார்லிங்க் வைஃபையையும் அணையாமல் விட்டால், போன் ஒரு வரிசையிலும் பிரின்டர் மறு வரிசையிலும் இருந்து ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும். இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் வைப்பது இந்தக் கட்டத்தில் சிக்கலைக் கூட்டும். போன் அறைக்கு அறை தாவும், முகவரி மாறும், அழைப்பு அறுந்துபோகும்.

நேர்த்தியான வழி, இரண்டு வான் துளைகள் உள்ள ஒரு ரவுட்டரை வீட்டுக்கு ஒரே தலைமையாக வைப்பது. ஒரு துளையில் பைபர், மறு துளையில் பைபாஸ் மோடில் (ஸ்டார்லிங்க் ரவுட்டர் தன் வேலையை நிறுத்தி, இணையத்தை அப்படியே கடத்திவிடும் நிலை) உள்ள ஸ்டார்லிங்க். வைஃபை, டிஎச்சிபி, ஃபயர்வால் எல்லாம் இந்த ரவுட்டரின் வேலை. பழைய ரவுட்டரை வீச வேண்டாம். வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினால் பின் அறைக்கு வைஃபை கொடுக்கும்.

பைபாஸ் மோடை அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. அழுத்தியதும் ஸ்டார்லிங்க் வைஃபை நின்றுவிடும். பழைய நிலைக்குத் திரும்ப ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். கேபிள் தயாராக இருக்கிறதா, உங்கள் ரவுட்டரின் அந்த வான் துளை பிபிபிஓஇ (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் இணைப்பு முறை) இல்லாமல் தானியங்கி ஐபியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்றாம் தலைமுறை ரவுட்டரில் இரண்டு ஈதர்நெட் துளைகள் உண்டு, மூடிக்குள் ஒளிந்திருக்கும். இரண்டாம் தலைமுறையில் துளையே இல்லை. தனி அடாப்டர் வாங்க வேண்டும். பைபாஸுக்குப் பிறகு செயலியில் டிஷ் நிலவரம் தெரியாமல் போனால், 192.168.100.1 என்ற முகவரிக்கு ஸ்டார்லிங்க் வான் துளை வழியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் (நிலையான வழி) போடுங்கள். டிஷ் அந்த முகவரியில்தான் பேசும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடுவது

இரட்டை வான் ரவுட்டரை வாங்கியவுடன் லோட் பேலன்சிங்கை, அதாவது போக்குவரத்தை இரண்டு இணைப்புக்கும் பங்கிடும் அமைப்பைப் போடத் தோன்றும். ஒரு கோப்பு இறக்கும்போது இரண்டு வேகமும் ஒன்றாகச் சேராது. ஒவ்வொரு இணைப்பும் ஏதாவது ஒரு பாதையில்தான் போகும். பதிலுக்கு, வங்கித் தளம் ஒரே அமர்வில் இரண்டு ஐபி முகவரிகளைக் கண்டு உங்களை வெளியே தள்ளும். வீட்டுக்கு ஃபெயில்ஓவரே ஏற்றது: பைபர் முதன்மை, அது விழுந்தால் மட்டும் ஸ்டார்லிங்க்.

விழுந்ததா என்று சோதிக்க, அடுத்த கேட்வேயைப் பிங் செய்யும் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும்) இயல்பு அமைப்பை விட்டுவிடாதீர்கள். கேட்வே பதில் சொல்லும். அதற்கப்பால் கோடு அறுந்திருக்கும். இணையத்தில் உள்ள 1.1.1.1, 8.8.8.8 என்ற பொது சர்வர்கள் இரண்டையும் இலக்காக வைத்து, 5 நொடிக்கொரு சோதனை, தொடர்ந்து 3 அல்லது 4 தோல்விக்குப் பிறகு மாற்றம் என்று அமையுங்கள். ஸ்டார்லிங்கையே முதன்மையாக வைத்தால் இந்தப் பொறுமை இன்னும் தேவை. ஓரிரு நொடி அறுபடுவது அதன் இயல்பு. ஒரே தோல்விக்குத் தாவினால் நாள் முழுக்கத் தாவிக்கொண்டே இருக்கும். கனமழையில் சிக்னல் தளர்வதும் இயல்புதான். 10.7 முதல் 12.7 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளை மழைத்துளி உறிஞ்சும், எந்த அமைப்பாலும் அதைத் தடுக்க முடியாது.

வெளியிலிருந்து வீட்டுச் சாதனத்துக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங்கில் நேரத்தைத் தொலைக்காதீர்கள். வீட்டுத் திட்டங்களில் ஐபிவி4 முகவரி பலருக்குப் பொதுவானது; வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால், வெளியிலிருந்து யாரும் நேரடியாக உள்ளே வர முடியாது. வீட்டுக் கேமராவையோ கோப்புச் சேமிப்பகத்தையோ திறக்க, டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் செயலி ஒன்றை உள்ளே எப்போதும் ஓடும் ஒரு கணினியில் நிறுவுவது எளிய வழி. புதிய முகவரி முறையான ஐபிவி6 கிடைக்கும், பயன்படுத்தலாம். ஆனால் சொந்த ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் உள்வரும் இணைப்புகளைத் தடுக்கிறதா என்று பார்த்த பிறகே இயக்குங்கள். அங்கே முகவரி மாற்றம் என்ற திரை கிடையாது. கேமராக்கள் கிளவுடுக்குத் தொடர்ந்து பதிவேற்றினால், ஒவ்வொன்றும் 2 முதல் 4 எம்பிபிஎஸ் அப்லோடைத் தின்னும். ஃபெயில்ஓவர் நேரத்தில் அவற்றை நிறுத்தும் விதி ஒன்று போட்டு வையுங்கள்.

கேபிள், மின்சாரம், இடி

டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளில் மின்சாரமும் சேர்ந்தே போகிறது, அதுவும் வழக்கமான பிஓஇ (ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும்) முறையில் இல்லை. கடையில் வாங்கிய பிஓஇ ஸ்விட்சில் அதை நேரே செருகினால் ஏதாவது ஒன்று எரியும். அந்தக் கேபிளை வெட்டி ஒட்டவும் வேண்டாம். தூரம் போதவில்லை என்றால் ஸ்டார்லிங்க் ரவுட்டருக்கு இப்பால் சாதாரண கேட்6 போடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். மலிவு விலைக் கேபிள் பலவும் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுதான். வெளிச்சுவரிலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஸ்டாண்டர்ட் டிஷ் 75 முதல் 100 வாட் எடுக்கும். மேசைக் கணினிக்கு வாங்கிய 650 விஏ யூபிஎஸ்ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் கணக்கில் 84 வாட்-மணி. இழப்பு போக, பைபர் பெட்டியும் சேர்ந்தால் அரை மணி நேரம் தாண்டாது. மினி டிஷ் 25 முதல் 40 வாட்; 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே நேராக ஓட்டலாம். ஆனால் மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் மின்னழுத்தம் விழுந்து, டிஷ் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகும்.

மார்ச்-ஏப்ரலிலும் அக்டோபர்-நவம்பரிலும் பிற்பகல் இடி தவறாது வரும். கம்பத்துக்குத் தனியாக ஓர் எர்த் கம்பி அடித்து, வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவது ஆபத்து. இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு உங்கள் ஈதர்நெட் கேபிள் வழியாகவே சமன் தேடும். இதை மின்பணியாளரிடம் விடுங்கள். நெட்வொர்க்கைக் காக்க மலிவான வழி ஒன்றுண்டு. ஸ்டார்லிங்க் ரவுட்டருக்கும் வீட்டு ரவுட்டருக்கும் நடுவே இரண்டு மீடியா கன்வெர்ட்டர்களை (மின் சிக்னலை ஒளியாக மாற்றும் பெட்டிகள்) வைத்து, சில மீட்டர் பைபர் பேட்ச் கேபிளால் இணையுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஒற்றை இழை வகையானால் ஏ, பி என ஜோடியாக வாங்க வேண்டும். இரண்டும் ஏ ஆனால் விளக்கே எரியாது. பவர் கோடு வழியாக வரும் பாய்ச்சலை இது தடுக்காது, அதனால் இடி நெருங்கும் முன்பே டிஷ்ஷின் பிளக்கைப் பிடுங்கும் வேலை அப்படியே இருக்கிறது.