பாசிமணியிலிருந்து ஆரம்பியுங்கள்: பிள்ளைகளுக்கு வரலாற்றை ஒலிக்கதையாக்கும் முறை

எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிற்கும். ஊரே அலுத்துக்கொள்ளும் அந்த நாளுக்காக நான் காத்திருப்பேன். விசைத்தறிகள் வாயை மூடியிருக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் என் மகளுக்கும் அண்ணன் மகனுக்கும் வரலாற்றுக் கதைகளைப் பதிவு செய்கிறேன். முதல்நாள் இரவே செல்பேசியை முழுவதும் சார்ஜ் செய்துவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் செய்த கதை படுதோல்வி. தீரன் சின்னமலை, 22 நிமிடம். 1756இல் பிறந்தார் என்று தொடங்கி, ஒவ்வொரு போராகச் சொல்லி, 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது வரை ஒன்றையும் விடவில்லை. நான்காவது நிமிடத்தில் "அத்தை, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்த அண்ணன் மகன் திரும்பி வரவேயில்லை. அவன்மேல் தப்பில்லை. அதற்குப் பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. கையில் அடங்கும் பொருள் ஒன்றை எடுங்கள்

ராஜாவைத் தேடாதீர்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய் வரக்கூடிய இடம் ஒன்று, அங்கே கிடைத்த சிறிய பொருள் ஒன்று, இவை போதும். எனக்கு வாய்த்தது கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் கரையில் இருக்கும் சிற்றூர். 1985 முதல் பலமுறை அகழாய்வு நடந்த இடம். இரும்பை உருக்கிய உலைகளும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளில் பெயர் கீறிய பானை ஓடுகளும், கல்மணிகளும் அங்கே கிடைத்தன. மணிகளில் பல பாதி வேலையில் நின்றவை: வெறும் கல், செதுக்கிய கல், மெருகேற்றிய கல், துளையிட்ட கல் என்று ஒவ்வொரு கட்டமும் இருக்கிறது. அதாவது, மணியை வாங்கி அணிந்த ஊர் மட்டுமில்லை அது. மணி செய்த பட்டறை. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இந்தப் பாதி வேலை மணிகள் கதை சொல்பவருக்குப் புதையல். ஒரு கல் மணியாகும் வரை என்னென்ன நடக்கும் என்பதே கதையின் போக்காகிவிடுகிறது. பெரில் என்னும் நீலப்பச்சைக் கல் படியூரில் கிடைத்தது. திருப்பூரிலிருந்து காங்கயம் போகும் பஸ்ஸில் என் மகள் எத்தனையோ முறை படியூரைத் தாண்டியிருக்கிறாள். சிவப்பாக இருக்கும் சூதுபவளம் நம் மண்ணில் விளைவதில்லை. குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து யார் சுமந்து வந்தார்கள் என்ற கேள்வியிலேயே இரண்டாவது கதைக்கு விதை இருக்கிறது.

2. தெரிந்ததையும் நினைத்ததையும் பிரியுங்கள்

ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் கிடைத்தவை, வலப்பக்கம் நீங்கள் இட்டுக்கட்டப்போவது. மணி செய்யும் பையனுக்குப் பெயர் வேண்டுமா? கொடுமணல் பானை ஓடுகளிலேயே ஆதன் என்ற பெயர் வருகிறது, அதை எடுத்துக்கொண்டேன். அது இடப்பக்கம். அவனுக்குப் பத்து வயது, அம்மாவிடம் திட்டு வாங்கினான் என்பதெல்லாம் வலப்பக்கம்.

இதைக் காதுக்கு எப்படிக் காட்டுவது? என் வழி இது. மண்ணில் கிடைத்த செய்தி வரும்போதெல்லாம் பித்தளைச் சொம்பின் விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு. 'டிங்' கேட்டால் அது கிடைத்தது. கேட்காவிட்டால் அத்தை நினைத்தது. இரண்டாம் கதையிலேயே பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. காலிங்கராயன் வாய்க்காலைச் சொன்னபோது, 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி வாய்க்கால் வெட்டியதற்கு ஒரு தட்டு. பாம்பு ஊர்ந்து வழிகாட்டிய தடத்தில்தான் வெட்டினார் என்ற பேச்சுக்குத் தட்டில்லை. ஆனால் அதை நான் விட்டுவிடவும் இல்லை. அந்த வாய்க்கால் நிஜமாகவே பாம்பு போல வளைந்து வளைந்துதான் போகிறது. ஊர் அப்படி ஒரு கதை கட்டியதில் நியாயம் இருக்கிறது. "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்" என்று தீரன் சின்னமலை சொன்னதாக வரும் பேச்சையும் இப்படித்தான் தட்டாமல் சொல்ல வேண்டும்.

3. காதுக்கு எழுதுங்கள்

ஏழு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். நிதானமாகச் சொன்னால் எனக்கு நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வருகிறது. ஆக அறுநூறு சொல் எழுதினால் போதும். முதலில் நான் எழுதிய வரி: "தொல்லியல் களமான கொடுமணலில் பல்வகை அரிய கல்மணிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன." வாய்விட்டுப் படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. இப்போது அந்த இடம் இப்படி இருக்கிறது:

"உன் சுண்டுவிரல் நகத்தைப் பார். அதைவிடச் சிறிய கல். நடுவே ஒரு துளை. நூல் நுழையும், ஊசி நுழையாது. அந்தத் துளையை யார் போட்டது?"

அந்த மணிக்கு வயது இரண்டாயிரம் ஆண்டு என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒன்றும் புரியாது. உன் அமுச்சி (எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்), அமுச்சிக்கு அமுச்சி, அவருக்கும் அமுச்சி என்று நாற்பது பேரை வரிசையாக நிற்கவைத்தால் கடைசி அமுச்சி கழுத்தில் அந்தப் பாசி என்று சொல்லிப் பாருங்கள். ஒருவருக்கு ஐம்பது ஆண்டு என்பது என் கணக்கு. மகள் தெருவில் நின்று வரிசை எங்கே முடியும் என்று அளந்தாள். மாரியம்மன் கோவிலைத் தாண்டிப் போனது.

இன்னொன்று. நம் பக்கத்தில் உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பாடுபவர் தனியாகப் பாடமாட்டார். கூட ஒருவர் இழுத்துப் பாடிக் கொடுப்பார். இரவிரவாகக் கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருந்ததற்கு அந்த இரண்டாம் குரலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே பிள்ளையையே கூட உட்காரவையுங்கள். "அப்புறம்?", "வலிக்காதா?", "கல் உடைந்துபோனால்?" என்று அவள் கேட்பதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். எழுதிக் கொடுத்துக் கேட்கச் சொன்னால் பள்ளி ஆண்டுவிழா நாடகம் போலாகிவிடும்.

4. பதிவு

செல்பேசியே போதும், மைக் வாங்க ஓடாதீர்கள். விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லையென்றால் சூதுபவளம் வரும் இடத்தில் கடன் வேண்டுமா என்று யாராவது அழைப்பார்கள். காரை பூசிய வெற்று அறை எதிரொலிக்கும். துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன் எதிரே உட்காருங்கள், அல்லது சென்னிமலைப் போர்வை இரண்டை நாற்காலிகள்மேல் போட்டு நடுவில் உட்காருங்கள். வாய்க்கும் செல்பேசிக்கும் ஒரு சாண் இடைவெளி, நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில். மின்விசிறி கூடாது. பேசுவதற்கு முன் பத்து நொடி வாயைத் திறக்காமல் பதியுங்கள். அந்த வெறும் சத்தம் பிறகு தேவைப்படும்.

ஒலிகளை இணையத்தில் தேடுவதைவிட வீட்டில் செய்வது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அண்டாவில் சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் நொய்யல். உலைத் துருத்திக்குச் சைக்கிள் பம்ப். கல் துளைக்கும் சத்தத்துக்குப் பல வழிகள் பார்த்துவிட்டு, அம்மிக்கல்லில் ஆணியைத் தேய்த்ததில் வந்து நின்றோம். அது வலப்பக்கச் சத்தம்தான் என்பதைக் கதையிலேயே ஒப்புக்கொண்டேன். ஒரு கதைக்கு மூன்று ஒலிக்கு மேல் வேண்டாம். பின்னணி இசை வேண்டவே வேண்டாம்.

5. வெட்டி ஒட்டுவது

கணினி இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அந்தப் பத்து நொடி மௌனத்தைத் தேர்ந்தெடுத்து, இரைச்சல் குறைக்கும் வசதியில் மாதிரியாகக் கொடுத்துவிட்டு, பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து இயக்குங்கள். அளவோடு செய்யுங்கள், கூடினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். தடுமாறிய இடங்களை வெட்டுங்கள், பிள்ளையின் சிரிப்பை வெட்டாதீர்கள். மோனோவில், 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆகச் சேமித்தால் ஏழு நிமிடம் மூன்றரை எம்பிக்குள் அடங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சுலபம்.

6. கேட்கவையுங்கள், பிறகு கருவியைக் கொடுத்துவிடுங்கள்

விளக்கணைத்துப் படுத்தபின் ஒருமுறை. கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள். மறுநாள் வரைபடத்தில் நொய்யலை விரலால் தொடரச் சொன்னால் போதும்: வெள்ளியங்கிரி மலைப்பக்கம் தொடங்கி, கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் வரை. தூக்கு, போர்க்களம் போன்றவற்றை ஒன்பது பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

நாலைந்து கதை ஆனதும் செல்பேசியைப் பிள்ளையிடம் கொடுங்கள். அண்ணன் மகன் அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம் போய், மோட்டார் வருவதற்குமுன் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித் தண்ணீர் இறைத்த கதையைக் கேட்டுப் பதிந்து வந்தான். பாதிப் பதிவு ஆட்டுச் சத்தம். நடுவே அப்பாரு, "கிணறு நூறடி, ஆனைகூட முழுகிப்போகும்" என்கிறார். கொஞ்சம் மௌனம். பிறகு இவன் குரல்: "அப்பாரு, இதற்கு நான் சொம்பைத் தட்டலாமா, கூடாதா?"

அந்த இடத்தை வெட்டாமல் வைத்திருக்கிறேன். கோப்பின் பெயரில் ஊர், நாள், பேசியவர் யார் என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள். 'ரெக்கார்டிங் 47' என்று விட்டால் அடுத்த மின்தடைக்குள் எது எதுவென்று தெரியாமல் போய்விடும்.