பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் இறங்கப் போகிறீர்களா? பாலிஷ் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

முதல் வண்டியை வாங்கும் முன்பே டீலர் உரிமத்தை எடுத்துவிடுங்கள். தெரிந்தவர் வண்டி, சும்மா விற்றுக் கொடுத்தேன் என்று மாதாமாதம் நாலு வண்டியைக் கைமாற்றினால் அதுவும் வியாபாரம்தான், பல நாடுகளில் அதற்கு உரிமம் வேண்டும்.

வண்டியை வாங்கும் முன் அதன் சேசிஸ் எண்ணை, அதாவது வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை, பதிவு ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள். இப்போதைய கார்களில் பெரும்பாலும் அது எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்டது, 1, 0 உடன் குழம்பக்கூடாது என்று ஐ, ஓ, க்யூ எழுத்துகளை அதில் சேர்ப்பதில்லை. சுரண்டித் திருத்திய தடம் தெரிந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். வண்டி மேல் கடன் பாக்கி இருந்தால் அதை அடைத்த சான்று கைக்கு வந்த பிறகே விற்பனை.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைக் குறைத்துத் திருப்புவது பல நாடுகளில் குற்றம். பழுதாகி மாற்றிய மீட்டர் என்றால் பழைய கணக்கையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்க மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

விபத்து, வெள்ளத்தில் மூழ்கியது போன்றவற்றை, கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருக்காதீர்கள், நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். 'உள்ளது உள்ளபடி' என்று ஒப்பந்தத்தில் போட்டுவிட்டால் போதும் என்ற நினைப்பு தப்பு, தெரிந்தே மறைத்ததை அந்த வரி பொதுவாகக் காப்பாற்றாது.

அப்புறம் விலை. விளம்பரத்தில் ஒன்று, பில்லில் 'கையாளும் கட்டணம்' சேர்த்து இன்னொன்று, இது வேண்டாம். முன்பணம் எப்போது திரும்பும் என்பதையும் ரசீதிலேயே எழுதுங்கள். பெயர் மாற்றம் முடியும்வரை அந்த விற்பனையின் ஃபைலை மூடாதீர்கள், இல்லாவிட்டால் புது உரிமையாளர் சிக்னல் தாண்டியதற்கான அபராதம் பழையவர் வீட்டுக்குப் போகும், அவர் உங்களுக்குத்தான் போன் போடுவார்.