20 அடி அலுமினிய பாஸ் போட்: வாங்கும் முன் எடைபோடுவது எப்படி

சென்ற மாதம் டாலஸுக்குப் பக்கத்து ஃப்ரிஸ்கோவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணா, 20 அடி அலுமினிய பாஸ் போட். பெரிய மோட்டார், மீனைக் காட்டுற மூணு ஸ்க்ரீன், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 38,000 டாலர் சொல்றாங்க. கொடுக்கலாமா?"

"விலை இருக்கட்டும்ப்பா, எடை எவ்வளவு?" என்று கேட்டேன். ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பாஸ் போட் என்றால், பாஸ் என்ற ஏரி மீனைத் தூண்டிலில் பிடிக்கவென்றே செய்த மோட்டார் படகு. டெக்சஸ் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது தூண்டிலோடு ஏரிக்குப் போகிறார்கள். கரையில் நின்று பிடித்துப் பழகி, கயாக் வாங்கி, அடுத்ததாகப் படகு பார்க்கத் தொடங்கும்போது இந்தக் கேள்விகள் எல்லோருக்கும் வருகின்றன.

என் வேலை வெல்டிங் பரிசோதனை. திருச்சியில் பாய்லர் குழாய்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு இங்கே வந்தவன். அப்படியிருந்தும் என் முதல் படகை, 19 அடி அலுமினியம், கண்ணால் மட்டும் பார்த்து வாங்கினேன். கார்பெட் காய்ந்திருந்தது, பெயின்ட் பளபளத்தது, மோட்டார் ஒரே தட்டில் கிளம்பியது. ஏரியில் விட்டபோது மூக்கைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் தண்ணீரை உழுதுவிட்டுத்தான் மேலே எழுந்தது. ப்ரொப்பெல்லர் சரியில்லை என்று நினைத்து அதை மாற்றினேன், பயனில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு மெக்கானிக் சொல்லி, லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற எடைமேடையில் ஏற்றினேன்.

கணக்கு இப்படி. கம்பெனி சொன்ன படகின் வெற்று எடை 1,450 பவுண்டு. மெர்க்குரி கம்பெனியின் 150 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் 455. ட்ரெய்லர் 800. நான்கு ஈய பேட்டரிகள் 240. டேங்கில் 20 காலன் பெட்ரோல், காலனுக்கு 6 பவுண்டு வீதம் 120. சாமான்கள் 100. கூட்டினால் 3,165 வர வேண்டும். எடைச் சீட்டில் வந்தது 3,720. இருக்க வேண்டியதைவிட 555 பவுண்டு கூடுதல். மூன்று ஆட்களை எப்போதும் படகிலேயே உட்கார வைத்திருப்பதுபோல.

வீட்டுக்கு வந்து பின்பக்கத் தளத்தைக் கழற்றினேன். அடியில் மிதப்புக்காக ஊற்றியிருந்த நுரை, மேலே மஞ்சளாகவும் கீழே போகப் போகச் சேற்று நிறமாகவும் இருந்தது. ஒரு துண்டைப் பிய்த்துப் பிழிந்தேன். முழங்கை வழியாகத் தண்ணீர் ஓடியது, பழைய ஏரி நாற்றத்தோடு. பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டியின் (லைவ்வெல்) குழாய் இணைப்பு ஒன்று பல வருடமாகச் சொட்டியிருக்கிறது. நுரை முழுவதையும் வெட்டி எடுத்து மாற்ற ஒரு கோடைக்காலம் போனது.

ஆகவே முதல் வேலை, படகை உண்மையிலேயே தராசில் ஏற்றுங்கள். விற்பவரை லாரி நிறுத்தத்துக்கு வரச் சொல்லுங்கள். வண்டியோடு சேர்த்து ஒருமுறை, படகைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை. கழித்தால் ட்ரெய்லரோடு படகின் எடை கிடைத்துவிடும். இதற்கு ஆகும் செலவு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுதான். மேலே நான் போட்டதுபோல் கணக்குப் போட்டு அதோடு ஒப்பிடுங்கள். 100, 150 பவுண்டு வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம், சாமான்கள் அவ்வளவு இருக்கும். 400க்கு மேல் போனால் தளத்தைத் திறந்து பார்க்காமல் ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். எடை பார்க்க வர மறுப்பவரிடம் நான் பேச்சைத் தொடருவதில்லை.

அடுத்தது தகடு. பெரிய அலுமினியப் படகில் நீங்கள் காசு கொடுப்பது இதற்குத்தான். மற்றதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் படகுகளில் பெரும்பாலும் 5052 என்ற அலுமினியக் கலவை. அடித்தகடு பல படகுகளில் 0.100 அங்குலம், சிலவற்றில் 0.125. ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டரும் மூன்றேகால் மில்லிமீட்டரும்தான், ஆனால் காற்று வீசும் நாளில் அலை தட்டும்போது அந்த முக்கால் மில்லிமீட்டர் காலுக்குக் கீழே தெரியும். ரிவெட் அடித்ததா, வெல்டு செய்ததா என்று கேளுங்கள். 16 அடிப் படகுக்கு ரிவெட் போதும். 19, 20 அடியில் பெரிய மோட்டார் மாட்டி ஓட்டுவதற்கு நான் வெல்டு செய்ததைத்தான் எடுப்பேன்.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். படகுக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். டார்ச்சைத் தகட்டுக்கு நேராக அடிக்காமல், தகட்டை ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். நேராக அடித்தால் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். சாய்த்து அடித்தால் ஒவ்வொரு நெளிவும் நிழல் போடும். வெல்டின் முதுகைவிட, வெல்டும் தகடும் சந்திக்கும் ஓரத்தைப் பாருங்கள். விரிசல் அங்கேதான் தொடங்கும். தலைமுடி அளவு கறுப்புக் கோடு, அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு சாம்பல் கறை. விரலால் துடைத்தால் கறை போகும், கோடு போகாது. அடிப்பகுதி பக்கச் சுவராகத் திரும்பும் மூலை, மோட்டாரைத் தாங்கும் பின்சுவரின் இரண்டு கீழ் மூலைகள், இவற்றில் அதிக நேரம் செலவிடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ரிவெட் படகென்றால் ஒவ்வொரு ரிவெட் தலையைச் சுற்றியும் கறுப்பு வளையம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து அசைந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் ட்ரெய்லரின் தாங்கு பலகைகள் படகைத் தொடும் இடம். பூச்சி அரிக்காமலிருக்க மரத்துக்கு ஏற்றும் மருந்தில் இப்போது பெரும்பாலும் செம்பு இருக்கிறது. ஈரமான கார்பெட் வழியாகச் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். யாராவது பழைய பலகையைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்கு வாங்கிய பலகையை மாட்டியிருந்தால், அந்த வரிசை முழுக்க ஊசிமுனைக் குழிகள் இருக்கும். நகத்தால் தடவினால் சொரசொரக்கும். படகுக்குள் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் செம்பு பூசிய சில்லறைக் காசோ, செம்புக் கம்பித் துண்டோ கிடந்தாலும் இதே கதைதான்.

கடைசியாக ஒரு நான்கடி நேர்ச்சட்டத்தை எடுத்து, பின்சுவரிலிருந்து முன்னோக்கி அடித்தகட்டில் நீளவாக்கில் வையுங்கள். ஒளி புகாமல் படிய வேண்டும். நடுவில் பள்ளம் இருந்தால் அதை இங்கே கொக்கி என்பார்கள். படகின் மூக்கைக் கீழே அழுத்தி வேகத்தைத் தின்னும் கோளாறு அது. தாங்கு பலகைகள் பின்சுவர்வரை நீளாத ட்ரெய்லரில் வருடக்கணக்கில் நின்ற படகில் இது வரும். சரிசெய்வது எளிதல்ல.

பின்சுவரைச் சோதிக்க மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். மோட்டாரோடு சுவரும் அசைந்தால், உள்ளே இருக்கும் பலகை உளுத்திருக்கலாம். பழைய படகுகளில் உள்ளே ப்ளைவுட்தான்.

மோட்டார் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதற்கு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போவதே நல்லது. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை அதன் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்து வாங்குங்கள். சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கீழ்ப்பகுதி கியர் எண்ணெயைச் சில சொட்டு வெளியே விட்டுப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. முழு வேகத்தில் சுழற்சி எண்ணைக் கவனியுங்கள். நான் சொன்ன 150 மெர்க்குரி நிமிடத்துக்கு 5,000 முதல் 5,800 வரை சுழல வேண்டும். என் பழைய படகு 4,700ஐத் தாண்டவே இல்லை. நான் அன்றைக்கே அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஓட்டி முடித்துக் கரையேற்றியதும் கிளம்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். தகட்டின் வெளிப்பக்கம் காய்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு வெல்டிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தால், உள்ளே போன தண்ணீர் வெளியே வருகிறது என்று அர்த்தம்.

சரி, 20 அடி என்ற அளவைப் பற்றி. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி 20 அடிக்குக் குறைவான படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத்திறன் என்று சொல்லும் தகடு இருக்க வேண்டும். நீர் நிறைந்தாலும் மூழ்காமல் மட்டமாக மிதக்க நுரையும் இருக்க வேண்டும். 20 அடியைத் தொட்டுவிட்டால் இந்த இரண்டு கட்டாயமும் இல்லை. நல்ல கம்பெனிகள் தாமாகவே செய்கின்றன. ஆனாலும் 19 அடி 11 அங்குலமா, 20 அடி 2 அங்குலமா என்று பார்த்து, பின்னதாக இருந்தால் அந்தத் தகடும் நுரையும் இருக்கின்றனவா என்று நேரடியாகக் கேளுங்கள். குழந்தைகளை ஏற்றிப் போகும் படகு.

எந்த ஏரி என்பதைப் பொறுத்தும் மதிப்பு மாறும். நான் அதிகம் போவது லேக் ஃபோர்க், டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். 1992 ஜனவரியில் பிடிபட்ட 18.18 பவுண்டு பாஸ், டெக்சஸ் மாநிலச் சாதனை, அந்த ஏரியில்தான். அணை கட்டியபோது மரங்களை வெட்டாமல் விட்ட பகுதிகள் அங்கே ஏராளம். தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கும் மொட்டை மரத்தில் ஃபைபர்கிளாஸ் மோதினால் பூச்சு தெறிக்கும், சில நேரம் விரியும். அலுமினியம் பெரும்பாலும் நெளிவதோடு சரி. அந்த ஏரிக்கு அலுமினியத்தைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் ஓக்லஹோமா எல்லையில் இருக்கும் லேக் டெக்சோமா பரந்த வெளி. தெற்குக் காற்று எழும்பினால் அலையில் இலேசான படகு தட்டித் தட்டி இடுப்பைப் பிடிக்கும்; ட்ரோலிங் மோட்டார் என்ற சின்ன மின்சார மோட்டாரில் நின்று மீன் பிடிக்கும்போது காற்று ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகும். அங்கே மட்டும் போகிறவர் பழைய ஃபைபர்கிளாஸ் படகைப் பார்ப்பது நல்லது.

உண்மையான போட்டியே அங்கேதான். புது 20 அடி அலுமினியத்தின் விலைக்கு, சில வருடம் ஓடிய நல்ல ஃபைபர்கிளாஸ் படகு கிடைத்துவிடும். அப்படியானால் அலுமினியத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்? எனக்கான பதில் என் கார். என் டொயோட்டா ஹைலேண்டர் 5,000 பவுண்டு இழுக்கும். அலுமினியப் படகு சாமான்களோடு 3,200. அதே நீள ஃபைபர்கிளாஸ் 4,000ஐத் தாண்டும், பிள்ளைகளும் ஐஸ் பெட்டியும் ஏறினால் எல்லையைத் தொடும். தனியாக ஒரு பிக்கப் வாங்க வேண்டி வந்தால் அந்த விலையையும் படகோடு கூட்டிப் பாருங்கள். பெட்ரோலும் அப்படித்தான்: முழு வேகத்தில் குதிரைத்திறனைப் பத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை காலன் என்பது தோராயமாக வரும். 150க்கு 15, 250க்கு 25. இன்னொன்று, உங்கள் குடியிருப்புச் சங்கம் வாசலில் படகு நிறுத்த விடுமா என்று முதலில் கேளுங்கள். ட்ரெய்லரோடு 23, 24 அடி வரும், சாதாரண கராஜில் நுழையாது.

ஸ்க்ரீன்கள் விஷயத்தில்தான் தம்பியோடு அதிக நேரம் பேச வேண்டியிருந்தது. மீனை நேரலையாகக் காட்டும் லைவ்ஸ்கோப்பை கார்மின் 2018ல் கொண்டுவந்தது. அதிலிருந்து விற்பவர்கள் ஒவ்வொரு ஸ்க்ரீனுக்கும் வாங்கிய விலையைச் சொல்லிக் கூட்டுகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் படகைவிட வேகமாகப் பழசாகும். நான் ஒரு தாளில் மூன்று கோடு போடுவேன்: படகு, மோட்டார், ட்ரெய்லர். ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதி, ஜே.டி. பவர் நிறுவனத்தின் பழைய படகு விலைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கூட்டுவேன். ஸ்க்ரீனுக்கு, அதே மாடல் இன்று பழையதாக விற்கும் விலையில் பாதியைச் சேர்ப்பேன், அவ்வளவுதான். அந்தத் தாளில் தம்பி பார்த்த படகுக்கு 31,000 வந்தது. அவன் 32,000க்கு முடித்தான்.

காகிதங்கள். பின்சுவரின் வலப்பக்க மேல் ஓரத்தில் 12 எழுத்து எண் பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் வருடம். அது உரிமைப் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். டெக்சஸில் படகுக்கு ஒரு பத்திரம், பின்சுவரில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்குத் தனிப் பத்திரம். இரண்டையும் மாநிலத்தின் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையில் மாற்ற வேண்டும், 6.25 சதவீத வரியோடு. ட்ரெய்லருக்கு மட்டும் கவுன்டி வரி அலுவலகம். மோட்டார் பத்திரத்தை மறந்து பணம் கொடுத்துவிட்டு, பிறகு விற்றவரைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வாங்கிய அன்று வீட்டுக்கு இழுத்து வரும்போது 20 மைல் போனதும் ஓரங்கட்டி, ட்ரெய்லர் சக்கரத்தின் நடுமூடியைப் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ம் வருடம் 23வது வாரம். ஆறு வயதைத் தாண்டியிருந்தால், டயர் தேயாமல் நன்றாக இருந்தாலும் அடுத்த ஏரிப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.